வரிசையிலிருந்து வாசிகசாலைக்கு

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும் படிவங்கள் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. வீடு, கிணறு, மாடு, நெல், நீர் இறைக்கும் இயந்திரம், துவிச்சக்கரவண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு உண்டு. எண்ணிக்கையைப் போட்டு, பெறுமதியைப் போட்டு, கிராம சேவையாளரின் கையொப்பத்தோடு கொடுத்திருக்கிறோம். நான் பார்த்த படிவங்கள் எதிலும் வாசிகசாலைக்கென்று ஒரு கூடு இருந்ததில்லை. அது யாருடைய தனிச் சொத்தும் அல்லவே! ஆகவே அதை இழந்ததாக யாரும் எழுதவில்லை. அதற்கு நட்டஈடு கேட்கவும் இல்லை.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஊரில் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை நமக்கு என்னவாக இருந்தது? இரண்டு வாங்கு, ஒரு நீட்டு மேசை, சுவரில் ஒரு கடிகாரம், மேசையில் அன்றைய பத்திரிகைகள். அவ்வளவுதான். காலையில் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வருபவர் கைகால் கழுவிக்கொண்டு அங்கே ஏறுவார். வெங்காயம் என்ன விலை போகிறது, உரம் எப்போது வரும், யார் வீட்டில் செத்தவீடு, எந்தப் பாடசாலையில் எந்தப் பிள்ளை சித்தி என்று எல்லாம் அங்கேதான் தெரியவரும். கண் மங்கிய பெரியவர்களுக்கும் எழுத்து அறியாதவர்களுக்கும் ஒரு இளைஞன் பத்திரிகையை உரக்க வாசிப்பான். மற்றவர்கள் கேட்பார்கள், குறுக்கே பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். சிரமதானம் எப்போது, குளக்கட்டை எப்படித் திருத்துவது என்ற தீர்மானங்களும் அந்த வாங்கிலேயே பிறந்தன. படிப்பறிவு இல்லாத ஒருவரும் செய்தி அறியாதவராக இருக்கவில்லை.

இடம்பெயர்வு இந்த வாங்கை நம்மிடமிருந்து பறித்தது. அதன் இடத்தில் வந்தது வரிசை. நிவாரண அட்டைக்கு வரிசை, பதிவுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. வரிசையில் நிற்பவர் தன் இலக்கம் கூப்பிடப்படும்வரை காத்திருப்பார், சொன்னதைக் கேட்பார், கொடுத்ததை வாங்குவார். வாங்கில் இருப்பவரோ கேள்வி கேட்பார். வரிசையிலிருந்து மீண்டும் வாங்குக்குத் திரும்புவதற்கு இன்று நமக்கு வழி உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உண்டு என்பதே என் எண்ணம். நாம் இப்போது வாழும் இடத்தில் இருக்கும் பொது நூலகமே அந்த வழி. ஆனால் அந்த நூலகமும் சற்று மாறவேண்டும். நாமும் அதன் படியேற வேண்டும்.

கிருலப்பனையில் ஒரு கையொப்பம்

கொழும்பின் தென்பகுதியில், ஹைலெவல் வீதியை ஒட்டிய இடம் கிருலப்பனை. அங்கே ஓடும் கால்வாய் வெள்ளவத்தைப் பக்கமாகச் சென்று கடலில் சேர்கிறது. வாய்க்கால் என்றால் வயலுக்குத் தண்ணீர் என்று நினைத்துப் பழகிய நமக்கு அந்தக் கால்வாய் விநோதமானது. அது எந்த வயலுக்கும் பாய்வதில்லை. நகரத்தின் கழிவு நீரை வெளியே கொண்டுபோகிறது. அதன் ஓரமாகவும், சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் சிறு வீடுகளும் வாடகை அறைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் மண்ணோடு வாழ்ந்த பலர் யுத்த காலத்தில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தார்கள். வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இப்படிப்பட்ட ஒழுங்கைகளுக்குள் ஒதுங்கினார்கள். நேற்றுவரை நாற்று நட்ட கை கடையில் மூட்டை தூக்கியது. கட்டடத்தில் சீமெந்து குழைத்தது. பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியது.

தலைநகரில் அவர்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "எதற்காக இங்கே நிற்கிறீர்கள்?" 2007 யூன் 7ஆம் திகதி இந்தக் கேள்வியின் கொடுமையை நாடு பார்த்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தலைநகரில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. ஆயினும் விலாசம் இல்லாதவனுக்கு உரிமையும் இல்லையோ என்ற பயம் பலர் மனதில் அன்று விழுந்தது. இலகுவில் அது போகவில்லை.

பொது நூலகம் இந்தக் கேள்வியைக் கேட்காத இடம். பத்திரிகைப் பகுதியில் போய் அமர்பவரிடம் "ஏன் வந்தாய்" என்று யாரும் கேட்பதில்லை. நகரத்தில் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் மரியாதையோடு அமரக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன? கோவிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் விட்டால் நூலகம் ஒன்றுதான்.

ஆனால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் கதை மாறுகிறது. நமது உள்ளூராட்சி நூலகங்கள் பலவற்றில் அங்கத்தவராவதற்கு ஒரு பிணையாளி வேண்டும். அவர் அந்த எல்லைக்குள் வரி செலுத்தும் சொத்து உடையவராகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ இருக்கவேண்டும் என்பது வழக்கமான விதி. சில ஆண்டுகளுக்கு முன், கிருலப்பனையில் ஓர் அறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்த தாய் ஒருவர் மகனின் விண்ணப்பப் படிவத்தை என்னிடம் நீட்டினார். ஒரு நூலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். "பாதர், ஊரில நாங்களும் சோலைவரி கட்டின ஆக்கள்தான். ஆறு பரப்புத் தோட்டம், கல்வீடு. இஞ்ச எங்களுக்கு ஆர் கையெழுத்து வைக்கப் போகினம்?" என்று கேட்டார். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்கவில்லையா என்றேன். "அவரிட்டைக் கேட்டா, இவை இஞ்சயே இருந்திடப் போகினம் எண்டு பயந்து அறையை விடச் சொல்லிப் போடுவார்" என்றார்.

இந்தப் பதிலில் இடம்பெயர்ந்தவரின் முழு நிலையும் அடங்கியிருக்கிறது. நூலகர் மீது குற்றம் இல்லை. புத்தகம் தொலைந்தால் அவரே பதில் சொல்லவேண்டும். விதியை எழுதியவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் சொத்து உள்ளவனின் கையொப்பத்தைக் கேட்கும் விதி, சொத்தை இழந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. புத்தகம் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போகிறது.

வாசிக்காத காகிதத்தின் விலை

"பாதர், சோற்றுக்கே வழியில்லை. இதற்குள் புத்தகமும் நிகழ்ச்சியும் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விவசாயிக்கு விளங்கும் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். பசிக்கு விடை நிலம். நிலத்துக்கு விடை காகிதம். அந்தக் காகிதத்தை உரிய காலத்தில் வாசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்து இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். பிறர் காணியை ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம் என்பது இந்நாட்டின் பழைய சட்டம். 'ஆட்சி' என்று ஊரில் சொல்வோமே, அதுதான். யுத்தத்தால் ஓடிப்போனவர் தன் காணியைப் போய்ப் பார்க்கவும் முடியாது. வழக்குப் போடவும் முடியாது. இதற்கிடையில் இன்னொருவருக்கு ஆட்சி உரிமை விழுந்துவிடும். இந்த அநீதியைத் திருத்தவே அந்தச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தன் உரிமையைத் தேட முடியாமற்போனவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அது சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அதன்படி வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசமே தரப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுக்குள் நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டோம்? உங்கள் முகாமில், உங்கள் ஒழுங்கையில், யாராவது வந்து வாசித்துக் காட்டினார்களா?

இரண்டாவது, 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி. வடமாகாணத்தில் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பற்றிய அறிவித்தல் அது. உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நிலம் அரச காணியாகக் கொள்ளப்படலாம் என்பது அதன் சாரம். மூன்று மாதம்! உறுதி எரிந்துபோனவர், உரித்தாளி வெளிநாட்டில் இருப்பவர், எல்லைக்கல் எங்கே என்றே தெரியாதவர் எல்லோருக்கும் அதே மூன்று மாதம். பெரும் எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்த பின்னர், 2025 யூனில் அந்த அறிவித்தல் தடுத்து நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்கள் யார்? அந்த வர்த்தமானியை வாசித்து விளங்கிக்கொண்டவர்கள். அவர்கள் வாசித்திராவிட்டால்?

வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. அவசரமானவை வேறு நாட்களிலும் அதிவிசேடமாக வருகின்றன. இன்று அவை கைப்பேசியிலும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் கிடைப்பது வேறு, விளங்குவது வேறு. அந்தச் சட்டத் தமிழ் படித்தவர்களையே திணறவைக்கும். பல பக்கங்களில் காணித் துண்டுகளின் இலக்கங்கள் மட்டும் நிரைநிரையாக இருக்கும். தனியே ஒருவர் சிறிய திரையில் பார்த்து அதை விளங்கிக்கொள்ள முடியாது. பத்துப் பேர் கூடியிருந்து, ஒருவர் வாசித்து, ஒருவர் "இது எங்கட ஓடைக்கு மேற்கை" என்று அடையாளம் சொல்லி, இன்னொருவர் திகதியைக் குறித்துக்கொண்டால் விளங்கும். ஊர் வாசிகசாலையில் நாம் செய்தது இதுதானே!

நூலக நிகழ்ச்சிகள் யாருக்காக?

நமது பொது நூலகங்களில் நிகழ்ச்சிகள் இல்லை என்று சொல்லமுடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. புத்தகக் கண்காட்சி, கட்டுரைப் போட்டி, சித்திரப் போட்டி, சிறுவர்களுக்குக் கதை சொல்லல் எல்லாம் நடக்கின்றன. நூலகங்களோடு சேர்ந்து இயங்க வாசகர் வட்டங்களும் உண்டு. வெள்ளவத்தையில் 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்தோடு சேர்த்து இலக்கியக் கூட்டங்களையும் நூல் ஆய்வுகளையும் நீண்ட காலமாக நடத்திவந்திருக்கிறது. யுத்த காலத்தில் தலைநகரத் தமிழருக்கு அது ஒரு நிழல். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இந்த நிகழ்ச்சிகளுக்கு வருபவர் யார்? ஏற்கனவே வாசிக்கிறவர். பகல் முழுவதும் சீமெந்து குழைத்தவர், சரக்கு இறக்கியவர், மூன்று வீடுகளில் வேலை செய்த தாய் வருவதில்லை. அவர்களுக்கு அழைப்பும் போவதில்லை. போனாலும் அங்கே பேசப்படுவது தமக்குரியது என்று அவர்கள் நினைப்பதில்லை. பரிசு பெற்ற பிள்ளையின் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினால் வாசிப்பு மாதம் முடிந்துவிடுகிறது. நவம்பர் மாதத்தில் அந்தத் தாயின் காணிப் பத்திரம் பற்றி யார் பேசுவது?

நூலகம் மக்களைத் தேடிப் போகவேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. தமிழகத்தின் சீர்காழியில் பிறந்து, உலகம் மதிக்கும் நூலக அறிஞராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் காலத்திலேயே அது நடந்திருக்கிறது. 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டி ஒன்றை நூலகமாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடக்கிவைத்தவர் இரங்கநாதன். தஞ்சை மண்ணின் நெல் விவசாயிகளைப் புத்தகம் தேடிப் போனது. நெல் ஏற்றும் வண்டியால் அறிவையும் ஏற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

உரக்க வாசித்தல் என்பதும் படிக்காதவருக்குச் செய்யும் பிச்சை அல்ல. நம்மில் பலர் புகையிலைத் தோட்டக்காரர்; ஆகவே புகையிலையிலிருந்தே ஒரு செய்தி. கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டளவில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர் இருந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பத்திரிகையையும் நாவலையும் அவர்களுக்கு உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் இந்த வாசிப்பைத் தடைசெய்தும் பார்த்தார்கள். கை வேலை செய்யும்போது காது நாட்டு நடப்பைக் கேட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

நமது சொந்த வரலாறும் இதற்குச் சாட்சி. யாழ்ப்பாணப் பொது நூலகம் அரண்மனை போன்ற கட்டடமாகத் தொடங்கவில்லை. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தன் புத்தகங்களைப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்ததில் அது தொடங்கியது. மறு ஆண்டு ஒரு சிறு வாடகை இடம். பின்னர் நகரசபை அதைப் பொறுப்பேற்றது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றவர்கள் பெரிய நூலகத்துக்காக ஊர் ஊராக உழைத்தார்கள். இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. 1959ஆம் ஆண்டில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்முறையில் சுமார் 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. எரிந்ததை நினைத்து ஆண்டுதோறும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு வீட்டு அறையில் தொடங்கியது என்பதையும் நினைக்கவேண்டும். இழப்பை நினைப்பவன் அழுவான். தொடக்கத்தை நினைப்பவன் தானும் ஒன்றைத் தொடங்குவான்.

ஒரு தயக்கம்

இடம்பெயர்ந்தோர் மத்தியில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு தயக்கத்துக்கும் பதில் சொல்லவேண்டும். "நாங்கள் ஊருக்குப் போகப்போகிறவர்கள். இங்கே நூலகத்தில் அங்கத்தவராகி, வட்டத்தில் சேர்ந்து, வேரூன்றினால் ஊர்க் காணியை விட்டுக்கொடுத்ததாக ஆகாதா?" வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் வெளியேறியவர்கள் சிலரும் இப்படித்தான் சொன்னார்கள். அடுத்த மாதம் போவோம், அடுத்த போகத்துக்குப் போவோம் என்று இருந்தார்கள். பகுதி பகுதியாகக் காணி விடுபட்டபோது கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே கைக்குழந்தைகள் இருந்தன. காத்திருந்த காலத்தில் முதியவர்கள் பலர் கண்மூடிவிட்டார்கள். எந்தக் காணிக்கு எது எல்லை என்ற அறிவும் அவர்களோடு புதைந்துபோனது.

நூலக அட்டை எடுப்பதால் எந்த உறுதியும் செல்லுபடியற்றுப் போவதில்லை. ஊருக்குத் திரும்பும் உரிமையைக் காப்பதற்கே தகவல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திடமோ வேறு அரச நிறுவனத்திடமோ தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். "என் காணி யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எந்த வர்த்தமானியின் கீழ் எடுக்கப்பட்டது" என்று ஒரு கடிதம் எழுதுவதற்குக் கிருலப்பனையில் இருந்தால் என்ன, வவுனியாவில் இருந்தால் என்ன? இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று ஒரு பின்னேரம் சொல்லிக் கொடுப்பதைவிடப் பயனுள்ள நூலக நிகழ்ச்சி வேறென்ன?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிருலப்பனைக் கால்வாய் ஓரத்தில் நம்மவர் மட்டும் வாழவில்லை. சிங்கள, முஸ்லிம் ஏழைக் குடும்பங்களும் அங்கே அதே வெள்ளத்தையும் அதே நுளம்பையும் பகிர்ந்துகொள்கின்றன. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் கொழும்பின் வறிய குடியிருப்புகள் பலவற்றை அகற்றி, அங்கிருந்தவர்களை நகர அபிவிருத்தி அதிகாரசபை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. நாளைக்குத் தமக்கும் அதே நிலை வருமோ என்று பயப்படுகிறவர்கள் நம் அயலவர்கள். அவர்களுக்கும் ஒரு காகிதம் வரும். அதிலும் ஒரு திகதி இருக்கும். ஆகவே நூலகத்தில் நாம் கேட்பது நமக்கான சலுகை அல்ல. தமிழில் ஒரு மணி நேரம், சிங்களத்தில் ஒரு மணி நேரம் என்று அதே மண்டபத்தில் வாசிக்கட்டும். இரு மொழியும் தெரிந்த பிள்ளைகள் அந்த ஒழுங்கைகளிலேயே வளர்கிறார்கள். பெற்றோருக்கு இடையே அவர்கள் பாலமாகட்டும்.

நாம் கேட்கவேண்டியவை

கிருலப்பனையை உதாரணமாகச் சொன்னேன். கொழும்பில் மாநகர சபை நூலகங்கள் போல, ஊர்ப்புறங்களில் பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன. நீங்கள் எங்கிருந்தாலும் அருகிலுள்ள நூலகத்திடமும் அதை நடத்தும் சபையிடமும் ஐந்து காரியங்களைக் கேட்கலாம்.

முதலாவது, பிணை விதியில் ஒரு மாற்று. வரி செலுத்துபவரின் கையொப்பம் கிடைக்காதவருக்குப் பாடசாலை அதிபரின், மதகுருவின் அல்லது கிராம சேவையாளரின் கடிதம் போதும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். முதலில் ஒரு புத்தகம் மட்டும் கொடுக்கட்டும். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு கொடுக்கட்டும். புத்தகத்தை இழந்துவிடுவோம் என்று நூலகம் பயப்படலாம். ஒரு பிள்ளையை இழப்பதைவிட ஒரு புத்தகத்தை இழப்பது பெரிய நட்டமா?

இரண்டாவது, வாரம் ஒரு முறை உரத்த வாசிப்பு. வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியையும் அந்த வாரப் பத்திரிகைகளையும், கூலி வேலை செய்பவர் வரக்கூடிய ஒரு பின்னேரம் வாசிக்கட்டும். ஒரு மணி நேரம் போதும். காணி, உரம், நட்டஈடு, பரீட்சை, வேலைவாய்ப்பு ஆகியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து வாசிக்கலாம். கடைசித் திகதிகளைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, மாதம் ஒரு காணிப் பத்திர நாள். உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் ஆகியவற்றுக்கு இடையே என்ன வித்தியாசம், தொலைந்த உறுதிக்குப் பிரதி எங்கே எடுப்பது என்று விளங்கப்படுத்தவேண்டும். வறியவர்களுக்கு இலவசமாக உதவச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் சட்டத்தரணி ஒருவரை அழைக்க நூலகம் கடிதம் எழுதலாம். நூலகர் சட்டத்தரணியாக மாறத் தேவையில்லை. கதவைத் திறந்து ஒரு மேசை போட்டால் போதும்.

நான்காவது, ஊர்க் கொப்பி. ஒவ்வோர் ஊரவரும் கூடி, தமது ஊரின் குளம், வாய்க்கால், வயல்வெளி, ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களையும், யார் காணிக்கு யார் காணி எல்லை என்பதையும், எந்த மண்ணில் எந்த நெல் நன்றாக விளைந்தது என்பதையும் முதியவர் சொல்ல இளையவர் எழுதவேண்டும். நமது உறுதிகளில் எல்லை எப்படி எழுதப்படுகிறது? கிழக்கே இன்னார் காணி, தெற்கே ஒழுங்கை என்றுதானே! அந்த இன்னாரை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து, எல்லோரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. எரிந்துபோன பாடசாலைகளின் மலர்களும் அங்கே கிடைக்கலாம், தேடிப் பாருங்கள். தேடத் தெரியாவிட்டால் அதற்கும் நூலகத்தில் உதவி கேளுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கு ஓர் இடம். ஓர் அறைக்குள் சமையல், படுக்கை, படிப்பு என்று எல்லாம் நடக்கும் வீட்டில் பிள்ளை எங்கே இருந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும்? பாடசாலை விட்ட பின் இரண்டு மணி நேரம் ஒரு மேசையும் வெளிச்சமும் கிடைத்தால் போதும். கதை சொல்லும் நாளில் நமது பாட்டிமாரையும் கூப்பிடுங்கள். விதைப்பும் அரிவு வெட்டும் பார்த்திராத பிள்ளைகளுக்கு அவர்களைவிடச் சிறந்த கதைசொல்லி யார்?

இவற்றில் ஒன்றுக்கும் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. புதிய கட்டடமும் தேவையில்லை. ஆனால் கேட்காமல் கிடைக்காது. தனியே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்துப் பேராகப் போங்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்றை அமைக்கும்படி எழுத்தில் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பதே உங்கள் முதலாவது தகவல் விண்ணப்பமாக இருக்கட்டும். பெண்கள் கட்டாயம் போகவேண்டும். யுத்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்களில் காணிப் பத்திரம் தாய்மாரின் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது.

நூலகம் தன் கதவை அகலத் திறக்கும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். தேவாலய மண்டபமோ, கோவில் மடமோ, ஒருவர் வீட்டு விறாந்தையோ போதும். ஒரு பத்திரிகை, வாசிக்க ஒரு பிள்ளை, கேட்க ஐந்து பேர். வருகிற வெள்ளிக்கிழமையும் வர்த்தமானி வரும். அதில் நம் ஊரின் பெயர் இருக்கிறதா என்று அந்த வாரமே பார்த்துவிடுவோம்.